வாசனை தெரியாதவள் தேவை

1

சோப்பு. இது சோப்பு வாசனை. இல்லை, சோப்பு இல்லை. சோப்பில் கலக்கிற ஏதோ பூ. தெரிகிறதே. எனக்குத் தெரிகிறதே. இத்தனை வருஷம் சும்மா இருந்துவிட்டு, போயும் போயும் இந்த அறையில், இந்தக் குப்பியைத் திறக்கும்போதா?

மேலே இருப்பது ஒருத்தியின் மனதுக்குள் ஓடியது. வாய்விட்டு அவள் ஒன்றும் சொல்லவில்லை. குப்பியை மூடவுமில்லை. எதிரே முன்கையை மேசைமேல் நீட்டி உட்கார்ந்திருந்த பெண்ணிடம், வலித்தால் சொல்லுங்கள் என்று மட்டும் வழக்கம்போலச் சொன்னாள்.

அவள் என் நாத்தனார். என் கணவரின் தங்கை. காயங்களுக்குக் கட்டுப் போடுவது அவள் வேலை. கைப்பையில் எந்நேரமும் ஒரு பொட்டலம் பஞ்சு இருக்கும் என்பதால் அவளுடைய அண்ணன் அவளைப் பஞ்சு என்றே கூப்பிடுவார். எனக்கும் அப்படியே பழகிவிட்டது. இந்தக் கதையிலும் அவள் பஞ்சுதான்.

கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குக்கரிலிருந்து வந்தது. ஆவி அடங்கும் முன்பே மூடியைத் திறந்ததில் என் இடது மணிக்கட்டு வெந்துபோயிற்று. வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் பஞ்சு தினமும் வந்து கட்டு மாற்றினாள். ஒருநாள் அவள் என் கையை வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்ததில் எனக்கே கூச்சமாகிவிட்டது. உப்புநீரில் நனைத்த துணியால் வெந்த தோலின் ஓரத்தை ஒற்றினாள். காத்திருந்தாள். மறுபடி ஒற்றினாள். போதும்மா, குழந்தை உன்னைத் தேடும், சட்டுபுட்டென்று கட்டிவிட்டுக் கிளம்பு என்றேன்.

"அவசரமா கட்ட மாட்டேன் அண்ணி. ஒருத்தருக்கு அப்படிக் கட்டிட்டேன். அது போதும்."

அந்த 'அது போதும்' தான் கதை. மீதியை அடுத்தடுத்து வந்தபோதெல்லாம் துண்டு துண்டாகச் சொன்னாள். எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். தாராளமாக எழுதுங்கள், எங்கள் ஆராய்ச்சி நிலையத்து டாக்டரம்மா கதையெல்லாம் படிக்கிற ஆளில்லை என்றாள். பிறகு ஒருநாள், ஒன்றே ஒன்றை மட்டும் எழுதக் கூடாது என்றாள். அது என்ன என்பது கடைசியில் வரும். [அதை எழுதாமல் கடைசிவரை போய்ச் சேர முடியுமா என்பது இந்தப் பக்கத்தில் எனக்குத் தெரியாது.]

2

முதலில் எழுதிய தொடக்கம் வேறு:

'ஆராய்ச்சி நிலையத்தின் நீண்ட நடைபாதையில் மருந்து நெடி எப்போதும் தேங்கி'

அதோடு நிறுத்திவிட்டேன். பஞ்சுவுக்கு நெடி தெரியாது. வயிற்றில் பிள்ளையோடு இருந்தபோது வந்த ஒரு காய்ச்சல் அவளுடைய மோப்பத்தை வாரிக்கொண்டு போய்விட்டது. அவள் பக்கம் நின்று சொல்கிற கதையில் அந்த நடைபாதைக்கு வெளிச்சம் இருக்கலாம். தள்ளுவண்டியின் கிறீச்சிடும் சக்கரம் இருக்கலாம். சுவரோரமாக ஈரத்துடைப்பம் சாய்ந்திருக்கலாம். நெடி இருக்கக் கூடாது. மோப்பம் திரும்பும்வரை கதையில் ஒரு வாசனையும் வரக் கூடாது என்று எனக்கு நானே சட்டம் போட்டுக்கொண்டேன். முதல் வரியிலேயே அதை மீறியதை நீங்கள் கவனித்திருப்பீர்கள்.

இரண்டாவது தொடக்கம்: 'அவளுக்கு வேலை கிடைத்தது ஒரு குறையினால்.' எழுதியதும் எனக்குப் பிடித்திருந்தது. அதனாலேயே அடித்துவிட்டேன். தன் முதுகைத் தானே தட்டிக்கொள்கிற வாக்கியம் அது.

மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அது நடந்தது. ஒரு மேசை. ஒரு பக்கம் பஞ்சு, மறுபக்கம் டாக்டரம்மா. பஞ்சுவின் கண்ணை ஒரு துண்டால் கட்டியிருந்தார்கள். மூக்கின் கீழே காப்பித்தூளைக் காட்டினார்கள். கல் மாதிரி உட்கார்ந்திருந்தாள். மண்ணெண்ணெயைக் காட்டினார்கள். கல். அழுகிய முட்டையைக் கொண்டுவந்தபோது அதைப் பிடித்திருந்த உதவியாளர் ஓடிப்போய் வெளியே நின்று இருமினாராம். பஞ்சு, "ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று கேட்டாளாம்.

வேலை கிடைத்துவிட்டது. அன்றிலிருந்து அங்கே அவளுக்குக் கல்மூக்கு என்று பெயர். ஒன்றும் தெரியாததற்காக வேலைக்கு எடுக்கப்பட்டவர்கள் உலகத்தில் நிறையப் பேர் இருப்பார்கள், ஆனால் அதைச் சோதித்துப் பார்த்து எடுத்தது என்னை மட்டும்தான் என்று வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

3

ஏன் அப்படி ஒரு ஆள் வேண்டும்? இதை நான் சரியாகச் சொல்லாவிட்டால் பின்னால் வருவது எதுவும் நிற்காது.

டாக்டரம்மா ஓர் இலையை நம்பினார்.* அந்த இலையை வாசனையாக்குகிற பொருளைப் பிரித்தெடுத்துக் களிம்பில் சேர்த்தால் தோல் சீக்கிரம் கூடுகிறதா என்பது அவருடைய கேள்வி. கண்ணாடித் தட்டில் வளர்த்த தோல் செல்களில் கூடியது. நடுவில் ஒரு கோடு கீறிவிட்டு, அந்தக் களிம்புச் சாற்றை ஊற்றினால், இரு கரையிலிருந்தும் செல்கள் நகர்ந்து வந்து கோட்டை மூடின. தட்டில் நடப்பது மனிதர்களிடமும் நடக்க வேண்டுமே. அதற்குக் காயம்பட்டவர்களைக் கூப்பிட்டு, பாதிப் பேருக்கு இலைக் களிம்பும் பாதிப் பேருக்கு வெறும் களிம்பும் போட்டுப் பார்ப்பது என்று முடிவானது. யாருக்கு எது என்பது யாருக்கும் தெரியக் கூடாது. தெரிந்தால் நம்பிக்கையே பாதி வேலையைச் செய்துவிடும்.

ஆனால் மருந்தே வாசனை. வாசனையை எப்படி ஒளிப்பது?

வெறும் களிம்பில் வேறு ஒரு வாசனையைக் கலந்தார்கள். சோப்புக் கம்பெனிகள் வாங்குகிற, காயத்துக்கு நல்லதும் செய்யாத, கெட்டதும் செய்யாத ஒன்று. நோயாளிக்குத் தன் குப்பி ஒன்றுதான் தெரியும். அது எப்படி மணத்தாலும் அதுதான் மருந்து என்று நினைத்துக்கொள்வார். ஒருவரையொருவர் சந்திக்காதபடி வேறு வேறு நாட்களில் வரவழைத்தார்கள். எல்லாக் குப்பிகளையும் திறக்கிற ஒரே ஆள் கட்டுப் போடுகிறவர். அவர் மூக்கு மட்டும் வேலை செய்யக் கூடாது. பஞ்சுவுக்கு முன்னால் இருந்தவர் மூக்கின் கீழே தைலம் தடவிக்கொண்டுதான் வேலை செய்தார். அப்படியும் கொஞ்ச நாளில், டாக்டர், இது ரெண்டும் வேற வேற வாசனை என்று வந்து நின்றாராம். பாவம், நல்ல மூக்கு. அவரை வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள்.

(* செடியின் பெயரை எழுத மாட்டேன். நான் எழுதினால் நீங்கள் யாராவது அதைப் பறித்துக் கசக்கிக் காயத்தில் வைத்துக்கொள்வீர்கள். என் மாமியார் நிச்சயம் செய்வார். நானேகூடச் செய்வேன்.)

4

இந்தப் பகுதியை நீக்கிவிடலாம் என்று என் கணவர் சொன்னார். கதையில் பாடம் எடுக்காதே என்றார். அவருக்காகச் சிறியதாக வைக்கிறேன்.

ஓர் இலை நமக்காக மணப்பதில்லை. மணத்தைக் கண்ணுக்குத் தெரியாத சிறு பைகளில் மூடி வைத்திருக்கிறது. பூச்சி கடித்தாலோ நாம் கிள்ளினாலோ பை உடைகிறது. ஆகா என்று நாம் மூச்சை இழுக்கிறோமே, அது கிழிந்த இலையிலிருந்து வருவது. இன்னொன்று: வாசனையை அறிகிற நுண்ணுறுப்புகள் மூக்கில் மட்டும் இல்லையாம், சில வகைகள் தோலின் செல்களிலும் இருக்கின்றனவாம். சில வாசனைகள் பட்டால் அந்தச் செல்கள் கிளம்பிக் காயத்தை நோக்கி நகர்கின்றனவாம். டாக்டரம்மா இதைச் சொன்னபோது பஞ்சுவுக்குப் பொறுக்கவில்லை. என் மூக்கு செத்துப்போச்சு, என் முழங்கை மோந்து பாக்குதாக்கும் என்று என்னிடம் வந்து சொன்னாள். சிரித்தோம். அந்தச் சிரிப்பை இப்போது எழுதும்போது

[விட்டுவிடுகிறேன். அப்போது சிரித்தோம், அவ்வளவுதான்.]

5

தையல்கார அக்காவின் முன்கையில் இஸ்திரிப்பெட்டி விழுந்திருந்தது. அந்தக் கையால்தான் துணியை ஊசிக்குக் கீழே தள்ள வேண்டும். காயம் ஆறாமல் கடையைத் திறக்க முடியாது. ஒவ்வொரு முறையும் கட்டை அவிழ்க்கும்போது அவர் கண்ணை மூடிக்கொண்டு மூச்சை நன்றாக இழுப்பார். என்ன அருமையான வாசனை சிஸ்டர், இந்த வாசனைக்கே ஆறிடும் என்பார். பஞ்சு தலையாட்டுவாள்.

அவருடைய குப்பியைத் திறந்தபோதுதான் மோப்பம் திரும்பியது. போனது எப்படி என்று சொல்ல முடியாத டாக்டர்களால், வந்தது எப்படி என்றும் சொல்ல முடியாது. வந்துவிட்டது.

அன்று மாலை அவள் வீட்டுக்குப் போய்ச் செய்ததை நான் மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அவளை அழவைத்தேன். அவள் அழவில்லையாம். நேராகக் குளியலறைக்குப் போய்ச் சீயக்காய் டப்பாவைத் திறந்தாள். பிறகு அலமாரி. பிறகு கணவன் கழற்றிப் போட்ட சட்டை. அதற்கு மட்டும் ஒரு கணம் பழைய மூக்கே பரவாயில்லை என்று தோன்றியதாம். மகள் தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். பஞ்சு பின்னால் போய் மண்டியிட்டு அவள் உச்சந்தலையில் மூக்கை வைத்தாள்.

அந்தப் பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறவள். பிறந்த நாளிலிருந்து அவள் தலை எப்படி மணக்கும் என்று பஞ்சுவுக்குத் தெரியாது. மற்றவர்கள் குழந்தையைத் தூக்கி முகர்ந்து, பால் வாசனை என்று சொன்னபோதெல்லாம் சிரித்துக்கொண்டு நின்றவள்.

"பால் வாசனை போயிடுச்சு அண்ணி. வெயிலும் பென்சிலும்தான் இருந்துச்சு. பரவால்ல. அது போதும்னு உக்காந்திருந்தேன்."

டாக்டரம்மாவிடம் மறுநாள் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தாள். சொன்னால் வேறு பிரிவு. அது பெரிய கஷ்டமில்லை. ஆனால் சொன்ன நிமிடமே வேறு ஆள் கிடைக்கும்வரை கட்டுப் போடுவதை நிறுத்துவார்கள். தையல்கார அக்காவின் கை நல்ல கட்டத்தில் இருந்தது. இது ஒன்று ஆறட்டும் என்று ஒரு நாள் தள்ளினாள். தள்ளிய அந்த ஒரு நாளில் இன்னொரு நோயாளியான வேன்காரருடைய குப்பியைத் திறந்தாள்.

இலை. கிள்ளிய பச்சை இலை. மூக்கின் உச்சிவரை போய்க் கண்ணில் நீர் வருகிற மாதிரி.

அப்போதுதான் புரிந்தது, தையல்கார அக்காவின் குப்பியில் ஒன்றுமே இல்லை என்று.

6

வேன்காரரைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம். அவரை நான் ரொம்ப நல்லவராக எழுதுகிறேன். பஞ்சு அவரைப் பற்றிச் சொன்னது குறைவுதான்: சரக்கு வேன் ஓட்டுகிறவர், பின்கதவு இடித்துக் கெண்டைக்காலின் தோல் பிய்ந்துபோனது, நிறையப் பேசுவார். கடி ஜோக்குகளையும் சினிமாச் செய்திகளையும் நானாகச் சேர்த்து அவரை உங்களுக்குப் பிடித்தவராக்கப் பார்த்தேன். எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். அவர் நல்லவராக இருந்தால்தான் நடந்தது தப்பு என்று ஆகிவிடக் கூடாது. எரிச்சல் மூட்டுகிற ஆளாக இருந்தாலும் அது தப்புதான்.

நடந்தது இது.

யார் குப்பியில் சோப்பு, யார் குப்பியில் இலை என்று பஞ்சுவுக்குத் தெரிந்துவிட்டது. சோப்புக்காரர்கள் வந்து உட்கார்ந்து நம்பிக்கையாக மூச்சை இழுக்கும்போது அவளுக்குத் தாங்கவில்லை. களிம்பை மாற்றிப் போட அவளால் முடியாது, செய்யவும் மாட்டாள். அவளிடம் இருந்தது கை மட்டும்தான். ஆகவே கையால் செய்தாள். செத்த தோலை ஊறவைத்து, இழுக்காமல் காத்திருந்து எடுத்தாள். ஓரங்களை இன்னொரு முறை கழுவினாள். கட்டின் இறுக்கத்தை விரல்விட்டுப் பார்த்துத் தளர்த்தினாள். வீட்டில் நனையாமல் எப்படிக் குளிப்பது, எந்தப் பக்கம் சாய்ந்து படுப்பது என்று சொல்லிக் கொடுத்தாள். மருந்து செய்யாததைக் கை செய்யட்டும் என்று.

நாள் முழுவதற்கும் இருக்கிற பொறுமை ஒரே அளவுதான். ஒரு பக்கம் கூடக் கொடுத்தால் இன்னொரு பக்கம் குறையும். இலைக்காரர்கள் வரும்போது, இவங்களுக்குத்தான் மருந்து இருக்கே என்று மனசு சொல்லிக்கொள்ளும். கழுவி, தடவி, சுற்றி, அனுப்பிவிடுவாள். தப்பாக எதுவும் செய்யவில்லை. சொல்லிக் கொடுத்த வேலையைச் சொல்லிக் கொடுத்தபடி செய்தாள். முன்பு எல்லோருக்குமே, சொல்லிக் கொடுத்ததற்கு மேலாகச் செய்துகொண்டிருந்தாள் என்பதுதான் வித்தியாசம். அவளுக்கே அது தெரியாது. வேன்காரருக்குத் தெரிந்தது.

அவர் கால் பின்தங்கிக்கொண்டே வந்தது. ஓரம் வெளுத்துப்போய், நடுவில் ஈரம் நின்றது. ஒருநாள் கட்டு முடிந்து செருப்பை மாட்டும்போது கேட்டார்.

"முன்னெல்லாம் நிதானமா பண்ணுவீங்க. இப்ப பஸ்ஸு பிடிக்கிற மாதிரி பண்றீங்க. என் கால் உங்களுக்குப் பிடிக்கலையா சிஸ்டர்?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். அதெல்லாம் ஒண்ணுமில்லை, சீக்கிரம் ஆறிடும், உங்களுக்கு நல்ல மருந்து என்றாள் பஞ்சு. சொல்லிய பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். எல்லோருக்கும் ஒரே மருந்து என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும். அவர் அதைக் கவனிக்கவில்லை. ஆறினால் சரி, வேன் முதலாளி ஒவ்வொரு நாளும் போன் பண்றாரு என்று எழுந்து போனார்.

அந்த இடத்தில் பஞ்சு நின்றிருந்தால், ஒரு கணம் தன் கையைப் பார்த்திருந்தால் என்று எழுத ஆரம்பித்தேன். அவள் நின்றாள்தான். பார்த்தாள்தான். அதற்குள் அடுத்தவர் வந்துவிட்டார். சோப்புக்காரர்.

7

தையல்கார அக்கா கடையைத் திறந்துவிட்டார். கடைசி நாளில் பஞ்சுவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, இந்த மருந்து கடைக்கு வந்ததும் முதல் குப்பி நான்தான் வாங்குவேன் என்றார். ஒரு ரவிக்கைத் துணியும் கொண்டுவந்திருந்தார். பஞ்சு வாங்கிக்கொள்ளவில்லை.

வேன்காரருடைய கால் ஆறுவதற்குள் ஆய்வின் காலம் முடிந்துவிட்டது. வழக்கமான சிகிச்சைக்கு எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். கதவு வரை போய்த் திரும்பிப் பார்த்து, உங்க மருந்தவிட நீங்க நல்லவங்க சிஸ்டர் என்றாராம்.

[இது நான் இட்டுக்கட்டியதா என்று கேட்டால், இல்லை. இட்டுக்கட்டியிருந்தால் எடுத்திருப்பேன். கொஞ்சம் ஓவராக இருக்கிறது. ஆனால் சொன்னார்.]

முடிவுகளை எடுத்துப் பார்த்தபோது இலைக்கும் சோப்புக்கும் வித்தியாசமே இல்லை. பார்க்கப்போனால் சோப்புப் பக்கம் கொஞ்சம் முந்தியிருந்தது. டாக்டரம்மா அதைச் சொல்ல யாரையும் தன் அறைக்குக் கூப்பிடவில்லை. கட்டுப் போடுகிற அறைக்கே வந்து, நோயாளி உட்கார்கிற நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கையை மேசைமேல் ஊன்றிக்கொண்டார். காயத்தைக் காட்ட வந்தவர் மாதிரி. எங்கே தப்பாயிற்று என்று தெரியவில்லை என்றார். தட்டில் கூடியதே, தட்டில் அவ்வளவு அழகாகக் கூடியதே என்றார். பிறகு பஞ்சுவைப் பார்த்தார்.

"இதுல சுத்தமா வேலை பார்த்தது நீ ஒருத்திதான்ம்மா."

பஞ்சு மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

இப்போது இரண்டு விஷயங்கள் அவளுக்குத் தெரியாது. அந்த இலை உண்மையிலேயே நல்ல மருந்தா? இருந்தால், பேர் தெரியாத எத்தனையோ பேருக்குக் கிடைக்க வேண்டியதை அவள் இரக்கம் தட்டிவிட்டது. ஒருவேளை மருந்தே இல்லையா? அப்படியென்றால் வேன்காரருக்கு மருந்தும் இல்லை, கையும் இல்லை.

8

முடிவு எழுத வேண்டிய இடம் இது. மூன்று எழுதி வைத்திருக்கிறேன்.

ஒன்று. பஞ்சு அன்றே, மேசை துடைக்கிற துணியைக் கீழே வைத்துவிட்டு, எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறாள். டாக்டரம்மா எழுந்து வந்து அவள் தோளில் கை வைக்கிறார். [கதைகளில் மேலதிகாரிகள் சீக்கிரம் மன்னித்துவிடுகிறார்கள். எழுதுகிறவருக்குக் களைப்பு வந்துவிட்டது என்று அர்த்தம்.]

இரண்டு. சொல்லவில்லை. வருஷங்கள் போகின்றன. ஒரு சிக்னலில் சரக்கு வேன் ஒன்று நிற்கிறது. ஓட்டுநர் கையசைக்கிறார். கால் ஆறியிருக்கிறது. [எனக்குத்தான் அந்தக் கால் ஆற வேண்டும். பஞ்சு அவரை அதன் பிறகு பார்க்கவே இல்லை. ஆறியதா என்று கேட்க அவளிடம் வழி இருந்தது, தைரியம் இல்லை.]

மூன்று. மோப்பம் மறுபடியும் போய்விடுகிறது. ஒரு காலையில் எழுந்து காப்பியைக் குடிக்கிறாள், வெந்நீர் மாதிரி இருக்கிறது. இதை ரசித்து எழுதினேன். பக்கம் முழுவதும் வந்தது. பிறகு வாசித்துப் பார்த்தபோது வெட்கமாக இருந்தது. தண்டனை கொடுப்பது எவ்வளவு சுலபமாக வருகிறது எனக்கு. வெயிலும் பென்சிலுமாக மணக்கிற அந்தப் பிள்ளையின் தலை என்ன பாவம் செய்தது?

நான்காவதாக ஒரு வரி மட்டும் வைத்திருந்தேன். அது முடிவே அல்ல, ஒரு தடவிக்கொடுத்தல்: 'கருணையால் நேர்ந்த பிழையைப் பிழை என்று யார் சொல்வது.' இதைப் பஞ்சுவிடம் வாசித்துக் காட்டினேன். அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். வேன்காரர் சொல்வாரே அண்ணி என்றாள்.

அடித்துவிட்டேன்.

9

கடைசியாக அவள் எனக்குக் கட்டுப் போட வந்த நாள். மணிக்கட்டில் புதுத்தோல் வந்துவிட்டது, வெங்காயச் சருகு மாதிரி மெலிதாக, ரோஜா நிறத்தில். இனிமேல் கட்டே வேண்டாம், வெயில் படாமல் இன்னும் கொஞ்ச நாள் மூடி வைத்தால் போதும் என்றாள். கையுறை போட்டுக்கொண்டு, அந்த இடத்தை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். சீழ் வைத்தால் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே வாசனை சொல்லிவிடுமாம். இத்தனை வருஷம் எதிரே இருப்பவர்களிடம், கெட்ட வாடை வருதா பாருங்க என்று கேட்டுக் கேட்டு வேலை செய்திருக்கிறாள்.

அப்போது அவளுக்குப் போன் வந்தது. அவள் கை இரண்டும் என் மணிக்கட்டில். என் நல்ல கையால் போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு அவள் முன்னால் பிடித்தேன். அதனால்தான் எனக்குத் தெரியும்.

டாக்டரம்மா சுற்றி வளைத்துப் பேசுகிறவர் இல்லை.

"திரும்ப ஆரம்பிக்கப் போறேன்மா. அந்த இலை மேல எனக்கு இன்னும் நம்பிக்கை போகலை. எங்கயோ தப்பு நடந்திருக்கு. எங்கன்னுதான் புரியலை. அதனால எல்லாத்தையும் மாத்தறேன். கட்டுப் போடறது மட்டும் நீயே போடு."

பஞ்சு என் மணிக்கட்டை மூடுகிற மெல்லிய துணியின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பு நேராக வரவில்லை. பிரித்து மறுபடி மடித்தாள்.

நான் ஓசையில்லாமல் வாயை அசைத்தேன். சொல்லு. சொல்லிடு. இதைவிட நல்ல இடம் வராது. அவள் என் வாயைப் பார்த்தாள்.

"என்னை விட்டுடுங்க டாக்டர். வேற யாரையாவது வையுங்க."

மறுபக்கம் சிரிப்பு கேட்டது. உன் மூக்கு மாதிரி ஒரு மூக்குக்கு நான் எங்கே போவேன் என்று டாக்டரம்மா கேட்டார்.

"தேடுங்க டாக்டர். கிடைக்கும்."

ஏன் என்று கேட்டார். வேலை பிடிக்கவில்லையா, வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டார். ஒவ்வொன்றுக்கும் பஞ்சு இல்லை டாக்டர், இல்லை டாக்டர் என்றாள். யோசித்துச் சொல் என்று போனை வைத்துவிட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. இப்படி ஒரு பக்கம் மட்டும் ஒதுங்கிக்கொள்வது என்ன நியாயம் என்று நினைத்தேன். பிறகு, அவள் ஒதுங்கிக்கொண்டதால் இந்த முறை அந்த இலையைத் தொடப் போகிறவை எதுவும் தெரியாத கைகள் என்பதும் புரிந்தது. அவளால் கொடுக்க முடிந்தது அவ்வளவு. கொடுக்க வேண்டியது அதைவிட அதிகம். அது அவளுக்கும் தெரியும் என்பதை அவள் டேப்பைக் கிழிக்கும்போது பார்த்தேன். எப்போதும் ஒரே இழுப்பில் கிழிப்பவள், இரண்டு முறை தவறவிட்டாள்.

முதல் பகுதியில் ஒன்றை எழுதக் கூடாது என்றாள் என்றேனே, அது இந்த இடம். இங்கே ஒரே ஒரு வரி வேண்டும் என்று அவளிடம் கேட்டேன். போனை வைப்பதற்கு முன்னால் அவள் சொல்வதாக. டாக்டர், எனக்கு வாசனை தெரிஞ்சிருச்சு. அவ்வளவுதான். நிஜத்தில் சொல்லாவிட்டால் போகிறது, கதையிலாவது சொல்லிவிடட்டும். படிக்கிறவர்களுக்கும் மூச்சு வரும், உனக்கும் பாரம் குறையும் என்றேன்.

அவள் கையுறையை உள்பக்கம் வெளியே வருமாறு உரித்துப் பையில் போட்டாள். மிச்சப் பஞ்சைப் பொட்டலத்தில் திணித்தாள். மணிக்கட்டை மூடிய துணியின்மேல் விரலை வைத்து, இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்தாள். அவசரமே இல்லாமல்.

"கதையில சொல்லிட்டா எனக்குச் சொல்லிட்ட மாதிரியே ஆயிடும். அப்புறம் நான் சொல்லவே மாட்டேன்."

ஒரு வரிதானே பஞ்சு என்றேன்.

"கதையிலயும் வேண்டாம் அண்ணி."